அடுத்த மண்டபத்துத் தாய்மாமன்

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் முகமே எனக்கு அடையாளம் தெரியாமல் போயிருக்கிறது. இருட்டிலோ போதையிலோ இல்லை (பாண்டிச்சேரிக்காரன் என்றதும் உங்கள் புத்தி அங்கேதான் போகும், தெரியும்). பட்டப்பகல், ஒன்பதே முக்கால் மணி வெயில். ஆளுயர ஃப்ளெக்ஸ் போர்டில் நானே கைகூப்பி நிற்கிறேன். அதைத் தாண்டி வண்டியில் போகும்போது, யாரோ அரசியல்வாதி என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பல் வலித்தால் ஊரைக் கூட்டுகிறோம். பைக்கில் சின்னதாக ஒரு சத்தம் வந்தால் மெக்கானிக்கிடம் ஓடுகிறோம். கண் மங்கினால் மட்டும் 'இந்த ட்யூப் லைட் சரியில்ல' என்று லைட்டைத் திட்டுகிறோம். நான் திட்டாத லைட் கிடையாது. எட்டாம் வகுப்பில் கண்ணாடி வந்தது. இருபத்தாறு வயதில் மைனஸ் நாலரையில் நின்றது. கிட்டத்தில் இருந்தால் எறும்பின் மீசைகூடத் தெரியும். பத்தடி தள்ளி நிற்பது ஆட்டோவா மாடா என்பது ஹாரன் அடித்தால்தான் தெரியும்.

அப்போது நான் தட்டாஞ்சாவடியில் ஒரு பிளாஸ்டிக் மூடி கம்பெனியில் வேலை பார்த்தேன். மூடியில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளும் வேலை. (ஆமாம், பார்க்கிற வேலைதான். சிரித்து முடித்துவிட்டு வாருங்கள்.) மூடியை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் என்னைவிடக் கில்லாடி அந்தக் கம்பெனியில் இல்லை. பக்கத்து மெஷினில் தனபால் அண்ணன். நாற்பது வயது, படித்தது பத்தாவது, வைத்தியம் பார்க்காத வியாதி கிடையாது. ஒருநாள் டீ குடிக்கும்போது என் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாடா ரவி, இது கண்ணாடியா, சோடா பாட்டிலோட அடிபாகமா?"

"நாலரைண்ணே."

"இதப் போடுறதாலதான்டா ஏறுது. கால்ல கட்டு போட்டே வெச்சிருந்தா காலு நடக்குமா? கண்ணும் அப்படித்தான். ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு, கண்ணாடியத் தொடாத. நான் சொல்ற பயிற்சியச் செய். நாப்பத்தொம்பதாம் நாளு நீ பீச்சுல நின்னா காரைக்கால் தெரியும்."

இதைச் சொன்ன தனபால் அண்ணன், பேசி முடித்ததும் தன் டீ கிளாஸ் என்று நினைத்து என் கிளாஸை எடுத்துக் குடித்தார். நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் அவரை நம்பினேன். இளமை என்பது அதுதான்.

அன்றைக்கே கண்ணாடி டிராயருக்குள் போனது. காலையில் பொன்னாங்கண்ணிக் கீரையைப் பச்சையாக மென்று தின்ன வேண்டும். சாயங்காலம் நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் வைத்துப் படுக்க வேண்டும். ராத்திரி மெழுகுவத்தியைக் கண்கொட்டாமல் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விடியற்காலையில் கடற்கரைக்குப் போய் உதிக்கிற சூரியனை நேருக்கு நேர் முறைக்க வேண்டும். (இந்தக் கடைசிச் சமாச்சாரத்தைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். பின்னால் டாக்டரிடம் நான் வாங்கிய திட்டில் பாதி இதற்குத்தான்.)

எங்கள் வீடு குருசுக்குப்பத்துக்குப் பக்கம். தினமும் ஆறு மணிக்குக் கரையில் போய் நின்று, கண்ணில் தண்ணீர் வழிய வழியக் கிழக்கே பார்ப்பேன். நாலைந்து நாள் பார்த்துவிட்டு, வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்தார்.

"இன்னா தம்பி, கடல்ல யாரையாவது பறிகுடுத்துட்டியா? தெனம் வந்து நின்னு அழுவுற."

"இல்லண்ணே, சூரியனப் பாக்குறேன்."

"அது எங்கப்பா போவப்போவுது? தெனமும்தான் வருது. வூட்டுக்குப் போய்த் தூங்கு."

அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம். ஆனால் எனக்கு முன்னேற்றம் தெரிய ஆரம்பித்துவிட்டது. பதினைந்தாம் நாள் பஸ் போர்டைப் படித்தேன். (பஸ் என் காலுக்கு ஒரு முழம் பக்கத்தில் வந்து நின்றிருந்தது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.) இருபதாம் நாள் எதிர்வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்த காக்கையைத் தெளிவாகப் பார்த்தேன். அது அவர்கள் காயப்போட்டிருந்த கறுப்புக் குடை என்று அம்மா சொன்னாள். அம்மாவுக்குத்தான் கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

இருபத்துநாலாம் நாள் சாந்தி அக்கா வந்தாள். என்னைவிட மூன்று வயது பெரியவள். முத்தியால்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுடைய ஒரு வயதுப் பெண் பவித்ராவுக்குக் காதணி விழா. பத்திரிகை வைத்துவிட்டு, அம்மா காபி போட உள்ளே போனதும் என்னை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"கண்ணாடி எங்கடா?"

"பயிற்சியில இருக்கேன்க்கா. ஒரு மண்டலம்."

அக்காவுக்குச் சட்டென்று கோபம் வரும். அன்றைக்கு வரவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

"ரவி, எங்க மாமியாரப் பத்தி உனக்குத் தெரியாது. என் வளைகாப்புக்கு நீங்க பத்து நிமிஷம் லேட்டா வந்தத இன்னிக்கும் சொல்லிக் காட்டுறாங்க. 'ஒங்க வூட்டு ஆளுங்களுக்கு நேரம் காலமே தெரியாதா'ன்னு. ஒண்ணரை வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன். இப்ப மாமன் சீரு. நீ மடியில ஒக்கார வெச்சாத்தான் காது குத்துவாங்க. ஒம்போதுலேந்து பத்தரைக்குள்ள நல்ல நேரம். நீ டயத்துக்கு வா. கண்ணாடி போட்டுட்டு வா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"சரிக்கா."

"என்மேல சத்தியமா?"

"சத்தியமா."

இப்போதும் அந்தச் 'சத்தியமா'வை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சொல்லும்போதே மனசுக்குள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். விழா முப்பத்தொன்றாம் நாள் வந்தது. மண்டலம் நடுவில் முறிந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது தனபால் அண்ணன் போட்ட சட்டம். இன்னொரு முறை பச்சைப் பொன்னாங்கண்ணியை மெல்ல என்னிடம் பல் இல்லை.

விழா நாள் வந்தது. அப்பா, அம்மா, சித்தி குடும்பம் எல்லாரும் விடியும்போதே மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். பூவும் பழமும் மாலையும் வாடாமல் இருக்க வேண்டும் என்பதால், பெரிய மார்க்கெட்டில் அவற்றை வாங்கி, வீட்டில் தயாராக இருந்த சீர்த்தட்டுகளோடு ஏற்றிக்கொண்டு வருவது என் பொறுப்பு. "தெரு முனைக்கு வந்ததும் போன் பண்ணுடா. மேளத்தோட எதுர வரோம்" என்று அப்பா சொல்லியிருந்தார். கண்ணாடி? டிராயரில்தான். வாசல்வரை போய், திரும்பி வந்து, டிராயரைத் திறந்து, பார்த்து, மூடிவிட்டுப் போனேன். அந்த டிராயர் மூடிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மார்க்கெட்டில் சேதம் அதிகமில்லை. பூக்கடையில் சாமந்தி மூட்டைக்கு 'அண்ணே' என்று ஒரு மரியாதை கொடுத்ததோடு சரி. குட்டி யானை வண்டி ஒன்றைப் பேசி, ஏழு தட்டில் ஆறைப் பின்னால் அடுக்கி, நான் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கம்மல் இருந்த தட்டை மட்டும் யாரையும் நம்பாமல் மடியில் வைத்துக்கொண்டேன். சிவப்புக்கல் பதித்த பூக்கம்மல். அம்மா தன் பழைய வளையல் ஒன்றை அழித்துப் பேத்திக்குச் செய்யச் சொன்னது.

மண்டபத்தை நான் முன்னே பின்னே பார்த்ததில்லை. அக்கா புருஷன் வீட்டார் பிடித்த மண்டபம். மஞ்சள் கட்டடம் என்று அக்கா அடையாளம் சொல்லியிருந்தாள். (பாண்டிச்சேரியில் மஞ்சள் கட்டடம் என்பது ஒரு அடையாளமா? திருப்பதியில் மொட்டை என்பது மாதிரி.) வண்டி அந்தத் தெருவுக்குள் திரும்பியது. இடது பக்கம் பெரிய ஃப்ளெக்ஸ் ஒன்று. அதில் ரோஜாப்பூ நடுவே குழந்தை மாதிரி ஒரு வெள்ளை வட்டம், அதற்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு மனிதன் கும்பிடு போட்டுக்கொண்டு. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

டிரைவர் வேகத்தைக் குறைத்தார். "சார், அந்த போர்டுல கீறவரு அப்படியே உங்களாட்டமே கீறாரு சார்."

"வெள்ளைச் சட்ட போட்டுக்கிட்டு கும்பிட்டா எல்லா அரசியல்வாதியும் ஒரே மாதிரிதான் இருப்பான். வண்டிய விடுங்க."

"இல்ல சார், மூக்குகூட..."

"நல்ல நேரம் போவுது, விடுங்கண்ணே."

தெரு முனையிலிருந்து போன் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். தேவையே இல்லாமல் போய்விட்டது. சற்றுத் தள்ளி ஒரு மஞ்சள் கட்டடத்து வாசலில் மேளக்காரர்கள் தயாராக நின்றிருந்தார்கள். பட்டுப்புடவைகள் கூட்டமாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தன. வண்டியில் தட்டுகளைப் பார்த்ததுமே ஒரு குரல் கூவியது.

"வந்துட்டாரு! மாமா வந்துட்டாரு!"

நாதஸ்வரம் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. என்னை இறக்கி, கழுத்தில் மாலை போட்டு, ஆரத்தி சுற்றி, தட்டுகளை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். அக்கா வீட்டில் எனக்கு இவ்வளவு மரியாதையா என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. மாமியாரைப் பற்றி அவள் சும்மா குறை சொல்லியிருக்கிறாள், எவ்வளவு அருமையான ஜனங்கள் என்றுகூட நினைத்தேன்.

அந்த மண்டபத்தின் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பின்னால்தான் தெரிந்தது. அதுவும் காதணி விழாதான், ஒரு பையனுக்கு. பையனுடைய அம்மா பெயர் விஜயா. அவளுடைய ஒரே அண்ணன் பிரான்சில் இருக்கிறார், லீவு கிடைக்கவில்லை. 'எனக்குப் பதிலா காரைக்கால்லேந்து என் சிநேகிதன் ஒருத்தன் சீரோட வருவான், அவன மாமனா நெனச்சி ஒக்கார வெச்சிக்குங்க' என்று போனில் சொல்லியிருக்கிறார். அந்தச் சிநேகிதனை அங்கே யாரும் பார்த்ததில்லை. எட்டரைக்கு வர வேண்டியவர் ஒன்பதே முக்கால்வரை வரவில்லை. எல்லாரும் வாசலில் தவித்துக்கொண்டிருந்தபோதுதான், தட்டுகளோடு, பெரிய மனுஷன் மாதிரி, நான் வந்து இறங்கியிருக்கிறேன்.

உள்ளே எனக்கு எதிரே வண்ணக்கலவை. அம்மா அன்றைக்கு அரக்குப் புடவை. நாலாம் வரிசையில் ஒரு அரக்குப் புடவை தெரிந்தது. கையசைத்தேன். அதுவும் கையசைத்தது. நிம்மதியாக மணையில் உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்தில் பெண்கள் தட்டைப் பிரித்துப் பார்த்துக் கிசுகிசுத்தார்கள்.

"இன்னாடி இது, பாவாடை சட்டை வெச்சிருக்குது?"

"சும்மா இரு. பிரான்சுல இருக்கிற மனுஷனுக்கு இன்னா தெரியும்? அவசரத்துல மாத்தி வாங்கிட்டிருப்பாரு."

இதுவும் என் காதில் விழுந்தது. கண்தான் இல்லை என்றால் மூளையுமா இல்லை என்று நீங்கள் கேட்கலாம். மேளச் சத்தத்தில் எதற்கும் பொருள் புரியவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன்.

மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள். என்னைப் போன்ற கிட்டப்பார்வைக்காரனுக்கு மடிதான் உலகம். அந்தக் காலை முழுவதிலும் நான் முதன்முதலாகத் தெளிவாகப் பார்த்த பொருள் அந்தக் குழந்தை. இடுப்பில் பட்டு வேட்டி. கையில் வெள்ளிக்காப்பு. பவிக்குக் கன்னத்தில் குழி விழும், இதற்கு விழவில்லை. பவிக்கு நாலு பல், இதற்கு இரண்டு. அந்த இரண்டையும் காட்டி என்னைப் பார்த்துச் சிரித்தது.

இது பவி இல்லை. பத்தர் அதற்குள் கம்மலைத் தேய்த்துத் தயாராகக் குனிந்துவிட்டார்.

"பத்தரே, ஒரு நிமிஷம்..."

"எல்லா மாமனும் இதையேதான் சொல்லுவாங்க தம்பி. பயமா இருந்தா கண்ண மூடிக்குங்க."

மூடிக்கொண்டேன். (அதுவரை திறந்து வைத்திருந்து என்ன கிழித்தேன்?)

குழந்தை வீறிட்டது. கெட்டிமேளம் கொட்டியது. அட்சதை என் மூக்கில் வந்து விழுந்தது. என் அம்மாவின் வளையலை அழித்துச் செய்த பூக்கம்மல் ஒன்று, யாரென்றே தெரியாத பையனின் வலது காதில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அந்த நேரத்தில் என் சட்டைப்பையில் போன் அடித்தது.

முன்வரிசையில் வெள்ளைக் கால்சட்டை போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் சட்டென்று எழுந்து கையைத் தூக்கினார். பையனின் தாத்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் ஊரில் அவர்களைச் சொல்தா என்போம்.

"மேளத்த நிறுத்து! பிரான்சுலேந்து போனு வருது! தம்பி, ஸ்பீக்கர்ல போடு, எல்லாரும் கேக்கட்டும்!"

மண்டபம் கப்பென்று அடங்கியது. போட்டேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

"எங்கடா தொலஞ்ச?" பாரிஸிலிருந்து என் அப்பா கத்தினார். "மணி பத்தாவுது! சாந்தி மாமியார் மூஞ்சப் பாக்க முடியல!"

"வந்துட்டேம்பா. மண்டபத்துலதான் இருக்கேன்."

"எந்த மண்டபத்துல? நான் வாசல்லதான நிக்கிறேன், உன் போட்டோ போட்ட போர்டு பக்கத்துல!"

"குழந்தை... மடியில இருக்குப்பா."

 அப்பா ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"பவி என் இடுப்புல இருக்குடா. உன் மடியில இருக்கிறது யாரு?"

 எனக்குப் பின்னால் நின்றிருந்த விஜயா முன்னால் வந்தாள். பக்கத்தில் வந்ததால் அவள் முகம் எனக்குத் தெரிந்தது. கண் கலங்கியிருந்தது.

"அப்போ உங்கள எங்க அண்ணன் அனுப்பலயா?"

எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு கேள்வி மாதிரி எதுவும் என்னைச் சுட்டதில்லை. தூரதேசத்தில் இருக்கிற அண்ணன் தன்னை மறக்கவில்லை என்று பத்து நிமிஷம் சந்தோஷமாக இருந்திருக்கிறாள். அதையும் நான் வந்து கெடுத்துவிட்டேன். எழுந்து நின்று, மண்டலம், நந்தியாவட்டை, தனபால் அண்ணன் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் உளறிக் கொட்டினேன். "என் அக்கா பக்கத்து மண்டபத்துல நிக்கிதுங்க" என்று முடித்தேன்.

"மோந்தியே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார் சொல்தா. அவர் ஆண்டவனைக் கூப்பிட்டால் பிரெஞ்சில்தான் கூப்பிடுவார். "எத்தினி மைனஸ்?"

"நாலரைங்க."

"உன்னப் பட்டாளத்துல சேத்திருந்தா நம்மாளுங்களயே சுட்டுத் தள்ளியிருப்ப."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. விஜயா சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாவாடை இருந்த தட்டைக் கையில் எடுத்தாள்.

"அங்க ஒரு அக்கா தம்பியக் காணாம நின்னுக்கிட்டு இருப்பாங்க. இவங்க சீர இவங்ககிட்ட சேத்துட்டு வருவோம். வாங்க எல்லாரும். அந்தக் கம்மலக் கழட்டுங்க பத்தரே."

"இப்பக் கழட்டுனா காது வீங்கிப்பூடும்மா. புண்ணு ஆறட்டும்" என்றார் பத்தர். தன் பையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். "நானும் அங்கதான் வரணும். எனக்கு அடுத்த வேல அந்த மண்டபத்துலதான்."

இப்படியாகக் கிளம்பியது ஊர்வலம். முன்னால் மேளம். அடுத்து, அணிவகுப்பு நடையில் சொல்தா. அவருக்குப் பின்னால் எங்கள் ஏழு தட்டுகளோடு விஜயாவும் முன்பின் தெரியாத ஆறு பெண்களும். நடுவில் மாலையும் கழுத்துமாக, ஒற்றைக் கம்மல் போட்ட பையனைத் தூக்கிக்கொண்டு நான். (இறக்கிவிட்டால் அழுதான்.) பின்னால் ஐம்பது அறுபது பேர். வாசலில் நின்ற அக்காவின் மாமியார் வாயைப் பிளந்ததாக அம்மா சொல்வாள்.

"மாமன் வூட்டு ஜனம் இம்மாம் பேரா! சாந்தி, நீ சொல்லவேல்லியே!"

அக்கா படியில் நின்றிருந்தாள். பக்கத்தில் போனதும் அவள் முகம் தெளிந்தது. அழுது முடித்த முகம். என்னை அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கண்ணாடி எங்கடா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கைப்பையைத் திறந்தாள். நான் முன்பு போட்டுக் கழித்த பழைய கண்ணாடி ஒன்று, ஒரு காது நூலால் கட்டப்பட்டது, அவள் கைப்பையில் இருந்தது. அன்றைக்குப் பத்திரிகை வைக்க வந்தபோதே அம்மாவின் அலமாரியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறாள்.

"நீ போட்டுட்டு வர மாட்டேன்னு அப்பவே தெரியும்டா எனக்கு" என்று சொல்லி, தானே என் காதில் மாட்டிவிட்டாள்.

முப்பத்தொரு நாள் கழித்து உலகத்துக்கு ஓரம் வந்தது. இலைக்கு நுனி வந்தது. அப்பாவின் இடுப்பில் பவி இருந்தாள். சந்தன மொட்டை, நாலு பல், கன்னத்தில் குழி. இவளை விட்டுவிட்டு எந்தக் கருமத்துக்காக நான் சூரியனை முறைத்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. துடைக்கத் தலையைத் திருப்பினால், வாசலில் ஆளுயரத்துக்கு நான். 'தாய்மாமன் ரவி, அன்புடன் வரவேற்கிறேன்' என்று பல்லைக் காட்டிக்கொண்டு.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பத்தர் தட்டைத் திறந்தார். அதில் ஒரே ஒரு கம்மல் இருந்தது.

"இன்னொண்ணு எங்க?" என்று கேட்டார் மாமியார்.

நான் கையில் இருந்த பையனின் தலையை மெதுவாகத் திருப்பி அவன் வலது காதைக் காட்டினேன். மாமியார் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மணி பத்து பத்து.

அப்போதுதான் கூட்டத்தை இடித்துக்கொண்டு, வியர்வையில் குளித்து, கையில் ஒரு பையோடு ஒருவர் ஓடிவந்தார்.

"நான் காரைக்கால்லேந்து வரேங்க. பஸ்ஸு பஞ்சராயிடிச்சி. அந்த மண்டபத்துல மேளச் சத்தமே இல்ல. கேட்டா எல்லாரும் இங்க வந்துட்டாங்கன்னாங்க. விஜயாங்கிறது யாருங்க? உங்க அண்ணன் குடுத்து அனுப்புனாரு."

விஜயாவின் முகத்தில் அப்போது வந்த சிரிப்பைக் கண்ணாடியோடு பார்த்தேன். அந்தப் பழைய கண்ணாடிக்கு நான் கோயில் கட்ட வேண்டும்.

பையைத் திறந்தால் வெள்ளைக்கல் கடுக்கன் ஒரு ஜோடி. சொல்தா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு நேராக அக்காவின் மாமியாரிடம் போய் நீட்டினார். "எங்க பேரன் காதுல உங்க வூட்டுது ஒண்ணு. உங்க பேத்தி காதுல எங்க வூட்டுது ஒண்ணு. புண்ணு ஆறுனதும் மாத்திக்குவோம். நேரத்த உடாதீங்க மதாம்."

தன்னை யாரும் மதாம் என்று கூப்பிட்டு மாமியார் கேட்டதில்லை போலிருக்கிறது. மறு பேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். பையனின் மீதிக் காதுக்குக் காரைக்கால்காரரை உட்காரச் சொன்னார்கள். பத்தர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு காதுக்கு ஒரு மாமனா? ஆரம்பிச்சவருதான் முடிக்கணும்" என்றார். ஆக, இடது தொடையில் அவர்கள் வீட்டுப் பையன், வலது தொடையில் எங்கள் பவி. இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு அலறின. பத்து இருபத்தைந்துக்கு எல்லாம் முடிந்தது. அந்தப் போட்டோ இன்னும் அக்கா வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. அதில் நூல் கட்டிய கண்ணாடியோடு நான், அரசியல்வாதி மாதிரியே சிரிக்கிறேன்.

தனபால் அண்ணன் விழாவுக்கு வந்தாரா என்று கேட்காதீர்கள். வந்தார். அந்த இன்னொரு மண்டபத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மறுநாள் கம்பெனியில் "உங்க வூட்டு சாம்பாரு பிரமாதம்டா" என்றார்.

அடுத்த வாரம் அக்காவே என்னைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு திட்டினார்கள். கண்ணாடி போடுவதால் பவர் ஏறாது, போடாமல் இருப்பதால் இறங்காது. கீரையைச் சமைத்துச் சாப்பிடு, நல்லது. கண்ணுக்கு நடுவில் ஓய்வு கொடு, அதுவும் நல்லது. சூரியனை முறைத்தால் கண் கருகும், சூரியனுக்கு ஒன்றும் ஆகாது. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டு. இத்தனையும் சொல்ல அவர்களுக்கு ஐந்து நிமிஷம் ஆனது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு மண்டபம் தேவைப்பட்டது.

புண் ஆறியதும் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. அதற்குள் விஜயாவுக்கு விசா வந்துவிட்டது. அவசரத்தில் பையனையும் அவன் காதையும் கூட்டிக்கொண்டு அண்ணன் இருக்கும் ஊருக்கே போய்விட்டாள். போய்ச் சேர்ந்ததும் போனில் அழாத குறையாக மன்னிப்புக் கேட்டாள். "இருக்கட்டும், பையன்கிட்டயே இருக்கட்டும்" என்று அம்மா சொல்லிவிட்டாள். எங்கள் குடும்பத்தில் இதுவரை பிரான்சுக்குப் போனது அந்த ஒற்றைக் கம்மல் மட்டும்தான். விஜயா பொங்கலுக்குப் பொங்கல் எனக்குப் போன் செய்கிறாள், 'அண்ணே' என்று. எங்கள் வீட்டு விசேஷங்களில் எந்தக் குழந்தையை என் மடியில் வைத்தாலும், முதலில் யாராவது ஒருவர் "மாமா, நல்லாப் பாத்துக்கோ, இது நம்ம வூட்டுதுதானா?" என்று கேட்காமல் விடுவதில்லை. அக்காவின் மாமியார்தான் அதிகம் கேட்பார். வளைகாப்புக்குப் பத்து நிமிஷம் லேட்டாக வந்த கதையை அதன்பிறகு அவர் சொல்வதே இல்லை. அதைவிட நல்ல கதை கிடைத்துவிட்டது.

பவிக்குப் பதிமூன்று வயதானபோது, வகுப்பில் போர்டு தெரியவில்லை என்றாள். அதே டாக்டரம்மா, மைனஸ் ஒன்று. கண்ணாடிக் கடையில் எனக்கும் அக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "எனக்குக் கண்ணாடியே வேணாம்மா. எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. நெட்டுல கண் பயிற்சி நிறைய இருக்கு. ஒரு மாசம் பண்ணிப் பாக்குறேனே."

எனக்குச் சுரீர் என்றது. ஏதாவது சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். கைப்பையைத் திறந்தாள். அதிலிருந்து சின்னக் குங்குமச் சிமிழ் ஒன்றை எடுத்து, மேஜைமேல் கவிழ்த்தாள். ஒரு சிவப்புப் பூக்கம்மல். ஒரு வெள்ளைக்கல் கடுக்கன்.

பவி அதைப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"எந்த ஃப்ரேமா இருந்தாலும் பரவால்ல அங்கிள். இன்னிக்கே குடுத்துடுங்க."